பட்டியலில் இல்லாத பெயர்

ஏலே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. திங்கட்கிழமை ரசத்தில் உப்புப் போட மறந்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை போட்டேன். உங்கப்பா ஒன்றும் சொல்லாமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்தால் நான் எந்த நிலையில் இருந்தேன் என்று நீயே தெரிந்துகொள். உனக்கு போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடம் போனில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா, புரியுதும்மா" என்று மூன்று தடவை சொல்லிவிடுகிறாய். அதனால்தான் உன் பழைய காலேஜ் நோட்டை எடுத்து வைத்து எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். உன் சொந்த போனில், உன் சொந்த நெட்டில் படி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து தொலைக்காதே. படித்த பிறகு உன் டீமில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். நீ டீம் லீடர் ஆகி மூன்று மாதம் ஆகிறது. கோயம்புத்தூர் ஆபீஸில் எல்லோரும் சொந்த வேலைக்கு நெட் பார்க்கிறார்கள் என்று மேலே இருப்பவர்களுக்குக் கோபம். டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் யார் என்ன பார்த்தார்கள் என்று கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு பட்டியல் எடுத்து உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் உன் டீம் ஆட்கள் மூன்று பேர் பெயர். வெள்ளிக்கிழமை நீ அதில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினால் முதல் பெயர்க்காரனுக்கு வேலை போகும் என்று உனக்கே தெரியும். அவன் பெயர் குமரேசன். சாப்பிட்டுக்கொண்டே காதில் மாட்டிக்கொண்டு அரசாங்கப் பரீட்சைக்கு வகுப்பு பார்க்கிறான், அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய். முதலில் வந்த பட்டியலில் நான்கு பெயர் இருந்ததாம், அதில் இரண்டாவது உன்னுடையதாம். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்துவைத்து, உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற மகேஸ்வரியிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் உன் நண்பன், டீம் லீடர் பெயர் எதற்கு என்று அதை எடுத்துவிட்டுக் கொடுத்தானாம்.

"ஆவணியில கல்யாணம்மா. டீம் லீடர்னு சொல்லித்தான நிச்சயம் பண்ணினோம். இப்ப எதாவது ஆச்சுன்னா பொண்ணு வீட்ல என்ன நெனைப்பாங்க? கையெழுத்தப் போட்டு அனுப்பிரலாம்னு இருக்கேன். தப்பாம்மா?" என்று கேட்டாய். நான் "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். உன் அம்மா என்றைக்காவது யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாளா? அப்போதே நீ பயந்திருக்க வேண்டும்.

தப்பு எது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் உன் கம்பெனியைப் பற்றி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஒருவன் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பாடம் படிக்கிறான். அதை ஒளிந்திருந்து குறித்து வைப்பதற்கு ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு சம்பளம். நல்லா இருக்குடா உங்க நியாயம். சாப்பாட்டு நேரம் என்பது சாப்பிடுகிறவனுடைய நேரம். அந்த அரை மணி நேரத்தில் அவன் கண்ணை மூடித் தூங்கினாலும் சரி, பிள்ளை முகத்தைப் பார்த்தாலும் சரி, கட்டில் மெத்தை என்ன விலை என்று பார்த்தாலும் சரி, அதில் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை. இதில் நான் உன் பக்கம்தான். ஆனால் நேரம் அவனுடையது என்றாலும் கம்ப்யூட்டர் ஆபீஸுடையது, நெட் எல்லோருக்கும் பொது. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அந்தச் சிக்கலில் நான் ஒரு தடவை விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து இன்னொருத்தியின் தோளில் கால்வைத்து மேலே ஏறிவந்தேன். இது உனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்கும் இந்த வாரம்தான் தெரியும்.

நான் புளியறையில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது காலேஜில் முதல் வருஷம். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், புரோட்டாக் கடைக்கு மாடியில், இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர். கேரளாவுக்குப் போகிற வண்டிகளின் சரக்குக்கு ஆன்லைனில் சீட்டுப் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. இ-வே பில் என்பார்கள். அந்தச் சீட்டு இல்லாமல் வண்டி எல்லை தாண்டினால் வழியில் எங்கே வேண்டுமானாலும் பிடிப்பார்கள், அதனால் சீட்டு கைக்கு வராமல் டிரைவர்கள் சாவியைத் தொட மாட்டார்கள். மலையடிவாரம் என்பதால் எங்கள் போன்களில் சிக்னல் ஒரு கோடு வரும், மறுநிமிஷம் போகும். அதற்காக முதலாளி அண்ணாச்சி ஒரு நெட் டப்பா வாங்கி ஜன்னலில் வைத்திருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அதற்கு ஓர் அளவு உண்டு. தீர்ந்துபோனால் மறுநாள் காலைவரை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒன்றும் திறக்காது. சீட்டுப் போடுவதற்கு அந்த அளவில் கால்வாசிகூட ஆகாது என்பதால் நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

இன்னொரு மேசை மும்தாஜுடையது. கடையநல்லூர்க்காரி. நோன்புக் காலத்தில் ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சி கொடுத்தனுப்புவாளே, நீகூட வடையை முக்கி முக்கித் தின்பாயே, அந்த மும்தாஜ் அக்காதான். அவள் வீட்டுக்காரர் சாகுல் சவூதியில் ஏசி வேலை பார்க்கிறார். வெயிலுக்குப் பயந்து அங்கே விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுவார்கள், பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விடுவார்கள். அவருக்குப் பதினொரு மணி என்றால் நமக்கு ஒன்றரை, எங்கள் சாப்பாட்டு நேரமும் அதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மும்தாஜ் அண்ணாச்சியிடம் நேராகப் போய்க் கேட்டுவிட்டாள்: "அண்ணாச்சி, சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிஷம் அவுககூட வீடியோவுல பேசிக்கிடட்டுமா? வீட்டுக்குப் போனா அவுகளுக்கு ஓவர்டைம் வந்துருது." அண்ணாச்சி சரி என்றார். அன்றிலிருந்து தினமும் ஒன்றரைக்கு போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். அந்தப் பக்கம் அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். "இன்னைக்கு என்ன கறி?" "பீர்க்கங்கா." "நல்லாருக்கா?" இவ்வளவுதான். பத்து நிமிஷம் ஆனதும் அவளே வைத்துவிட்டு, பின்னால் இருக்கும் சாமான் அறைக்குத் தொழப் போவாள்.

எனக்கு அது என்னவோ கேலியாகத்தான் இருந்தது. "ஏட்டி, அண்ணாச்சிகிட்ட கேட்டா செய்வாக இதெல்லாம்? பேசுனா யாரு பாக்கப் போறா?" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஏனென்றால் நான் யாரிடமும் கேட்டதில்லை. அவள் தொழப் போகிற அந்த இருபது நிமிஷத்தில் என் போனையும் அதே நெட்டில் இணைத்துக்கொள்வேன். முந்தின நாள் விட்டுப்போன சீரியலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் சீட்டுப் போடுகிற பக்கத்தை மேலே கொண்டுவந்து விடுவேன். என்ன ஒரு சாமர்த்தியம் பார்! அதில் எனக்குப் பெருமை வேறு.

அது ஓணத்துக்கு முந்தின நாள். உத்திராடம் என்று மலையாளத்தில் சொல்வார்கள். அன்று சாயங்காலம்தான் அங்கே ஊரே திரண்டு கடைக்குப் போகும். கொட்டாரக்கரையில் ஒரு ஜவுளிக் கடைக்கு ஓணப் புதுத்துணி ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி இரண்டு மணிக்கு வந்து நிற்கும், வந்த உடனே சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று அண்ணாச்சி காலையிலேயே சொல்லிவிட்டு, திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை குடும்பத்தோடு நாங்கள் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். தண்ணீர் நன்றாக விழுந்தது. நான் நின்று நின்று வீடியோ எடுத்தேன். நம் ஊர்க்காரர்கள் வெளியூரில் இருந்தால் ஆடி ஆவணி மாதத்தில் வேறு என்ன கேட்பார்கள்? "தண்ணி விழுதா?" குடும்பக் குரூப்பில் பம்பாய்ச் சித்தி கேட்டாள், மெட்ராஸ் மாமா கேட்டார், நீயும் ஃப்ரெண்ட்ஸிடம் காட்ட வேண்டும் என்று கேட்டாய். அன்று மத்தியானம் மும்தாஜ் பேசி முடித்துத் தொழப் போனதும், எடுத்த எல்லா வீடியோவையும் ஒவ்வொன்றாக அனுப்பினேன். அது ஒருபக்கம் போய்க்கொண்டிருக்க, கம்ப்யூட்டரில் இரண்டு நாள் சீரியலை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். நீ எல்லாவற்றுக்கும் சிவப்பு இதயம் போட்டாய். கொஞ்ச நேரத்தில் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இன்றைய அளவு முடிந்தது என்று செய்தி வந்தது. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, சீரியல் பார்த்த தடத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவினேன்.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. பக்கம் திறக்கவில்லை. கூடுதலாக நெட் போடலாம் என்றால் அதற்கான எண் அண்ணாச்சி போனுக்குத்தான் வரும், கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் அவர் போனை எடுக்கவே இல்லை. டிரைவர் கீழே நின்று "சேச்சி, சீட்டு எவிடெ?" என்று கத்துகிறார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மும்தாஜ்தான் பேப்பர்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, "நான் செங்கோட்டைக்குப் போயி ஒரு கடையில போட்டுட்டு வாரேன்" என்று பஸ் ஏறினாள். அங்கே கரண்ட் இல்லை. கரண்ட் வந்து, சீட்டை அடித்து, திரும்பி வருவதற்குள் மணி ஐந்தரை ஆகிவிட்டது. வண்டி மலை ஏறி இறங்கி, ஓணக் கூட்டத்தில் நெருக்கியடித்துக் கொட்டாரக்கரை போய்ச் சேர்ந்தபோது கடை அடைத்துவிட்டார்கள். மறுநாள் ஓணம். அதற்குப் பிறகு ஓணப் புதுத்துணி யாருக்கு வேண்டும்? அத்தனை துணிக்கட்டும் அப்படியே திரும்பி வந்தது.

அடுத்த நாள் காலையில் அண்ணாச்சி மாடிப்படியில் ஏறும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார். "ஏம்மா மும்தாஜ், புருஷன்கிட்ட பேசிப் பேசியே நெட்டத் தீத்துட்டியே! ஒன்ன நம்பித்தான நான் சரின்னு சொன்னேன்?" அவருக்குத் தெரிந்து அந்த ஆபீஸில் நெட்டைச் சொந்தமாகப் பயன்படுத்துகிறவள் அவள் ஒருத்திதானே. கேட்டுச் செய்தவள் அவள் ஒருத்திதானே. மும்தாஜ் பதறிப்போய், "இல்ல அண்ணாச்சி, என்னைக்கும்போல பத்து நிமிஷம்தான் பேசினேன். வேணா அக்காகிட்ட கேளுங்க" என்று என் பக்கம் கையை நீட்டினாள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாப்ட்டுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. கவனிக்கல." நான்கு வார்த்தை. பொய்கூட இல்லை பார், சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தேன். அந்த நான்கு வார்த்தையில் அவள் வேலை போயிற்று. மத்தியானத்துக்கு முன்பே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படியிறங்கும்போது "வாரேன்க்கா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். அவள் நாற்காலி காலியாக இருந்தது, அதில் என் கைப்பையை வைத்துக்கொண்டேன்.

உன்னிடம் அப்போது என்ன சொன்னேன்? "மும்தாஜ் அக்கா தானா நின்னுட்டா, பிள்ளையப் பாக்கணுமாம்." அடுத்த தை மாதம் நானும் நின்றேன், முழங்கால் வலி என்று. முழங்கால் வலி இருந்தது உண்மைதான். ஆனால் ஒன்றரை மணி ஆனால் அந்த மாடியில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதும் உண்மை. இத்தனை வருஷத்தில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இரண்டு தடவை அவளைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் பழக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உன்னை வளர்த்தவள் இப்படிப்பட்டவள்தான். வெட்கமாக இருக்கிறது, எழுதும்போது கை வலிக்கிறது. இருந்தாலும் தெரிந்துகொள்.

இப்போது சொல், நான் செய்த தப்பு எது? சாப்பாட்டு நேரத்தில் சீரியல் பார்த்ததா? நிறையப் பேர் அதைத்தான் தப்பு என்பார்கள். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. நெட் எல்லோருக்கும் பொது, மத்தியானம் அதை நம்பி ஒரு வண்டி வருகிறது என்று தெரிந்தும் அள்ளிக் குடித்தேனே, அது தப்பு. காலடிச் சத்தம் கேட்டால் பக்கத்தை மாற்றினேனே, அப்போதே எனக்குள் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். மும்தாஜ் மாதிரி, மேலே இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்க முடியாத ஒன்றை ஏன் செய்கிறோம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் இதையெல்லாம்விடப் பெரியது "கவனிக்கல" என்று சொன்னது. சீரியல் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் சொன்ன நான்கு வார்த்தை ஏழு வருஷமாக இன்னொருத்தி வீட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது எனக்கு நேற்று முன்தினம்தான் தெரிந்தது.

ஆமாம், செவ்வாய்க்கிழமை கடையநல்லூருக்குப் போனேன். உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றால் முதலில் அங்கே போய்விட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்கப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, "வாரீயளா?" என்று கேட்டேன். "நீ செஞ்சதுக்கு நீதான் போகணும்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுவரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மும்தாஜ் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை, இப்போது வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாளாம், தெருவில் கேட்டதும் காட்டினார்கள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "யக்கா! எத்தன வருஷம் ஆச்சு! உள்ள வாங்க, நனைஞ்சு போயிருக்கிய" என்று துண்டை எடுத்து நீட்டினாள். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். துவட்டினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது.

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனதைப் பார்த்தேன். பாயில் கிடந்த டியூஷன் நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிறகு, "நான் ஒங்களத்தானக்கா சாட்சிக்குக் கூப்பிட்டேன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வேல போனதுகூட எனக்குப் பெருசு இல்லக்கா. அவுக தன்னாலதான் போச்சுன்னு நெனச்சுட்டாக. அன்னைலேர்ந்து மத்தியானம் கூப்பிடவே மாட்டாக. நான் வீட்லதான இருக்கேன், இப்பக் கூப்பிட்டா என்னன்னு கேட்டா, 'என் பேச்சால ஒனக்கு ஒரு தடவ கெட்டது போதும்'ம்பாக. ஏழு வருஷமா அந்த மனுஷன் தனியா உக்காந்து சாப்பிடுதாரு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ஒன்றேகால். "கா மணி நேரம் இருங்க. அவுககிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். சுவரோரம் உட்கார்ந்தேன்.

ஒன்றரைக்கு அவளே கூப்பிட்டாள். அவர் எடுத்ததுமே, "என்ன ஆச்சு? பிள்ளைக்கு எதுவுமா?" என்று பதறினார். மத்தியானம் கூப்பிட்டால் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று அந்த மனிதருக்குப் பழகிப்போயிருக்கிறது. தலைமுடியெல்லாம் நரைத்துவிட்டது. மும்தாஜ் போனை என் கையில் கொடுத்தாள். நான் யார் என்று சொன்னேன், சீரியலைச் சொன்னேன், அருவி வீடியோவைச் சொன்னேன், "கவனிக்கல" என்று சொன்னதையும் சொன்னேன். அவர் கையில் பிய்த்த ரொட்டி அப்படியே இருந்தது. "அப்போ என்னால இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நெசமாவா?" என்று இன்னொரு தடவை கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "போன அவகிட்ட குடுங்க" என்றார். கொடுத்தேன். "நாளைக்கும் இந்நேரம் கூப்பிடட்டா?" என்று அவளிடம் கேட்டார். அப்போதுதான் மும்தாஜ் அழுதாள். கிளம்பும்போது என்னிடம், "கோவம் போகலக்கா. போகுமான்னும் தெரியல. டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். குமரேசன் செய்தது என்ன, நீ செய்தது என்ன? இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் நெட்டில் உங்கள் சொந்தக் காரியத்தைப் பார்த்தீர்கள். அவன் படித்தான், நீ மகேஸ்வரியிடம் பேசினாய். இரண்டாலும் யார் வேலையும் கெடவில்லை, எந்த வண்டியும் நிற்கவில்லை. என்னுடையதைவிட உங்களுடையது எவ்வளவோ மேல். அதனால் இது தப்பு என்றால் நான்கு பேருக்கும் தப்பு. தப்பு இல்லை என்றால் நான்கு பேருக்கும் இல்லை. ஒருவனுக்கு வேலை போகிற தப்பு, இன்னொருவனுக்கு நண்பன் அழித்துவிடுகிற தப்பு என்று எங்கேயாவது உண்டா? அந்தப் பட்டியலில் நீ கையெழுத்துப் போட்டால் "கவனிக்கல" என்று சொல்கிறாய். உன் அம்மா சொன்ன அதே நான்கு வார்த்தைதான், நீ கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவாய்.

எனக்குக் கம்பெனி நடத்தத் தெரியாது. ஆனால் கடிதம் எழுதத் தெரியும், பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய். உன் பெயரைத் திரும்பச் சேர். நான்கு பேரும் இடைவேளையில்தான் பார்த்தோம், வேலை எதுவும் பின்தங்கவில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுது. இடைவேளையில் எது பார்க்கலாம், எது கூடாது என்று இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, இனிமேல் தெளிவாகச் சொல்லுங்கள், அதன்படி நடக்கிறோம் என்று கேள். மும்தாஜ் கேட்ட மாதிரி நேராகக் கேள். கத்தாமல் கேள், உனக்கு என் வாய் உண்டு. அவர்கள் நியாயமானவர்களாக இருந்தால் கேட்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தன் பெயரையும் சேர்த்து எழுதுகிற ஒருவனைத் தூக்கி எறிய யாருக்கும் அவ்வளவு சுலபமாகக் கை வராது. ஒருவேளை டீம் லீடர் பதவி போகலாம். போனால் போகட்டும்லே. மூன்று மாதத்துக்கு முன்பு நீ டீம் லீடர் இல்லை, அப்போதும் இந்த வீட்டில் உனக்குச் சோறு போட்டேன்.

பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றாய். அதற்கும் ஒரு காரியம் செய்துவிட்டேன். உட்கார்ந்து படி, எழுந்து குதிக்காதே. இன்றைக்குக் காலையில் மகேஸ்வரிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தது தப்புதான், இப்போது சொல்லிவிட்டேன், திட்டுவதாக இருந்தால் திட்டு. ஏழு வருஷம் கழித்துத் திட்டு வாங்குவதைவிட இது பரவாயில்லை. அவள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கைப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. சரி, கல்யாணத்துக்கு உலை வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு, "அத்தை, அந்த ஒரு மணிக்கு அவங்க பேசினது என்கிட்டதான?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்போ அவங்க பேரப் பட்டியல்ல இருந்து எடுத்தப்போ நான் பேசினதையும் சேத்துத்தான எடுத்திருக்காங்க. சாப்பிட்டாச்சான்னு கேட்டேன், மழை பெய்யுதுன்னு சொன்னேன். அது ஒளிச்சு வைக்க வேண்டிய பேச்சா அத்தை?"

"அத நீ அவன்கிட்டயே கேளும்மா" என்றேன்.

"நான் கேக்க மாட்டேன். என்ன எழுதி அனுப்பினாங்கன்னு அவங்களே சொல்லட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நானே கூப்பிடுதேன், எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன்.